பாரிவாக்கத்தில் படம் நிற்காமலிருக்க நாங்கள் பட்ட பாடு

கேபிள் ஆபீஸில் வேலை பார்ப்பவரை, படம் ஓடுகிற வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. படம் நின்ற மறுநிமிஷம் ஊரே நம்மைப் பேர் சொல்லிக் கூப்பிடும்.

நல்ல கட்டத்தில் படம் நின்று, ஃபோன் போட்டு, "லைன்ல இருங்க" என்ற பதிலைக் கேட்டு நொந்துபோனவரா நீங்கள்? அந்த "லைன்ல இருங்க"வைச் சொல்லிச் சொல்லி நொந்துபோனவள் நான். நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியவர்கள். அந்த நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் வசந்தா. படிப்பு பத்தாவது வரை. மகன், மகள் இரண்டு பேருக்கும் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார்கள். பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாமே என்று, அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் ஒரு சின்ன கேபிள் ஆபீஸில் ஃபோன் எடுக்கச் சேர்ந்தேன். ஆறு வருஷம் ஆகிறது. காலையில் வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வருவேன். ஆபீஸிலும் மேஜைமேல் ஒரு சின்ன அம்மன் படம் உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதைப் பார்க்கிறேன் என்பது எத்தனை ஃபோன் வருகிறது என்பதைப் பொறுத்தது.

ஆபீஸில் நாங்கள் நாலே பேர். முதலாளி தணிகாசலம், மொட்டைமாடிக்கு மொட்டைமாடி ஒயர் இழுத்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். லைன் பார்ப்பது ஏழுமலை. அவருக்கு ஏறத் தெரியாத கம்பம் இந்தப் பக்கத்தில் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பழைய ஒயரையெல்லாம் கழற்றிவிட்டு டி.வி.யையும் இன்டர்நெட் வழியாகவே அனுப்புவது என்று ஆனபோது வந்து சேர்ந்தவர் ஜெயசீலன் சார். நாகர்கோவில்காரர், இன்ஜினியர். நாலாவது ஆள் நான். தப்பு யார் செய்தாலும் திட்டு வாங்குவது நாலாவது ஆள்தான்.

எனக்குப் புரிந்த மட்டும்

சேர்ந்த புதிதில் ஜெயசீலன் சார் ஒரு வெள்ளைப் பலகையில் கட்டம் கட்டமாக வரைந்து, "மல்டிகாஸ்ட்" என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் சொன்னார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். கோயிலில் ஒருவர் புராணம் படிக்கிறார். கேட்க ஆயிரம் பேர் உட்கார்ந்தாலும் அவர் ஒரு தடவைதான் படிக்கிறார். யாருக்கு வேண்டுமோ அவர்கள் அந்த மைக் செட் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். எங்கள் கண்ட்ரோல் ரூமில் இருக்கும் மெஷினும் அப்படித்தான். ஒரு சேனலை ஒரு தடவை அனுப்பும். எந்த வீட்டுப் பெட்டி கேட்கிறதோ அதற்கு வழியிலேயே பிரிந்து போகும்.

படிப்பவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் ஆயிரம் பேரும் எழுந்து போய்விடுவார்கள் அல்லவா? அதற்காக, பக்கத்து அறையில் இன்னொருவர் அதே புத்தகத்தை அதே வரியில் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். இவர் குரல் நின்றதும் அவர் மைக்கைத் திறந்துவிட்டால் கேட்பவர்களுக்குத் தெரியாது. அதற்குத்தான் இரண்டாவது மெஷின். இதை அப்படியே சாரிடம் திருப்பிச் சொன்னேன். பலகையை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார்.

"நாலு வருஷம் காலேஜ்ல படிச்சதை மைக் செட் கதையா ஆக்கிட்டீங்களேம்மா."

ஜோடிப் பொருத்தம்

தணிகாசலம் இரண்டாவது மெஷினை உடனே வாங்கிவிட்டார். வாங்கி, முதல் மெஷினுக்குப் பக்கத்திலேயே, அதே அலமாரியில், அதே சுவிட்ச் போர்டில் சொருகி வைத்தார். ஜெயசீலன் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "வேற ரூம்ல, முடிஞ்சா வேற ஊர்ல வெக்கணும் சார்" என்றார். "பக்கத்துல பக்கத்துல கீறதுதானே சார் ஒண்ணுக்கொண்ணு ஒத்தாசை?" என்றார் முதலாளி. நான் அம்மன் படத்தைப் பார்த்தேன்.

பதினைந்து நாள் இருக்கும். ஒரு சாயங்காலம் ஏ.சி.யிலிருந்து தண்ணீர் கொட்டியது. முதல் மெஷின்மேல் கொட்டி, அதிலிருந்து வழிந்து இரண்டாவதுமேல் சொட்டி, இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணை மூடின. படம் மொத்தமாக நின்றது அந்த வருஷத்தில் அது மூன்றாவது தடவை. ஏழுமலை ஸ்டூல்மேல் ஏறி இரண்டையும் துண்டால் துடைத்துக்கொண்டே முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒத்தாசைன்னா இதாண்ணா ஒத்தாசை. ஒண்ணு நனைஞ்சிச்சின்னு இன்னொண்ணும் கூடவே நனைஞ்சிகினு கீது பாரு."

அடித்தாளா இல்லையா

அந்த சாயங்காலம் எனக்கு வந்த ஃபோன்களை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். பின்தெருவில் இருக்கும் ஓர் அம்மாள். சீரியலில் மாமியார் கையை ஓங்கிய நேரத்தில் படம் நின்றுவிட்டது. ஓங்கிய கை ஓங்கியபடியே இருக்கிறதாம். எங்கள் ஆபீஸ் டி.வி. அப்போது நேராக மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கவில்லை. அந்தச் சத்தம் ஃபோனில் அவர் காதில் விழுந்துவிட்டது.

"மெஷின் ரிப்பேர் நடக்குதும்மா, அரை மணி நேரத்துல வந்துடும்" என்றேன். ரிப்பேர் அவருக்கு வேண்டாமாம். "லைன்ல இருங்க" என்றேன், இன்னும் பதினோரு பேர் காத்திருக்கிறார்கள். அவர் என்னை லைனில் இருக்கச் சொன்னார்.

"நீ மெஷினை எப்பனா செய்துக்கோ. உன் டி.வி.ல ஓடிகினு கீதில்ல, அவ அட்ச்சாளா இல்லியா, அத்த மட்டும் சொல்லிட்டு வை."

கடிதம்

பாரிவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. நானூறு வீடு. ஐ.டி.யில் வேலை பார்க்கும் பிள்ளைகளும், அவர்களோடு வந்து தங்கியிருக்கும் பெற்றோரும். எங்கள் இணைப்புகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு இடம்தான். அங்கே சங்கச் செயலாளர் நடராஜன் சார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கும்பகோணத்துப் பக்கம். ஏ.சி. தண்ணீர் கொட்டிய மறுநாள் காலையில், நான் ஆபீஸ் பூட்டைத் திறக்கும்போதே வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு கவர்.

கடிதம் நாலே வரி. இந்தத் தீபாவளி முடிகிற வரை படம் இன்னொரு தடவை மொத்தமாக நின்றால், நானூறு வீடும் பெரிய கம்பெனிக்கு மாறிவிடும். தணிகாசலம் அதை இரண்டு தடவை படித்தார். அவர்கள் போனால் ஆபீஸை மூட வேண்டியதுதான் என்று எங்களிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்தது. ஏழுமலைக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பெண் குழந்தைகள். எனக்கு ஐம்பத்தாறு வயது, இனிமேல் வேறு எந்த ஆபீஸ் நாற்காலி போடப் போகிறது?

மூன்று தடவையும் என்ன காரணம் சொன்னீர்கள் என்று நடராஜன் சார் என்னைக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எது நின்றாலும் "கரண்ட் கட்" என்று சொல்ல வேண்டும் என்பது முதலாளி போட்ட உத்தரவு.

"எங்க நானூறு வீட்டுலயும் கரண்ட் இருக்கும்மா. உங்க ஒரு ஆபீஸுக்கு மட்டும் எந்த ஊர்லேர்ந்து கரண்ட் வருதுன்னு விசாரிச்சுச் சொல்லுங்கோ."

ஒரே கம்பம்

இப்போதுதான் ஜெயசீலன் சார் பேச்சு எடுபட்டது. இரண்டாவது மெஷினைப் பூந்தமல்லிக்குக் கொண்டுபோனோம். பஸ் ஸ்டாண்டு பின்னால் ஒரு மாடி அறை, அதற்குத் தனி டிஷ், தனி பேட்டரி, தனி ஃபைபர். கள்ளிக்குப்பத்தில் இருந்து ஒரு வழி, பூந்தமல்லியில் இருந்து ஒரு வழி. இரண்டும் வேறு வேறு திசையில் இருந்து பாரிவாக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று சார் வெள்ளைப் பலகையில் சிவப்பிலும் நீலத்திலும் கோடு போட்டு, அதையே ஒரு காகிதத்திலும் வரைந்து, அந்தக் காகிதத்தை ஏழுமலை சட்டைப் பையில் தன் கையாலேயே வைத்தார்.

வேலை முடிந்ததும் பார்க்கப் போனோம். நானும் போனேன், பக்கத்தில் உள்ள அம்மன் கோயிலில் ஒரு விளக்கு போட வேண்டியிருந்தது. சிவப்புக் கோடு ஒரு திசையில் இருந்து வந்தது. நீலக் கோடு இன்னொரு திசையில் இருந்து வந்தது. குடியிருப்புக்கு அரை கிலோமீட்டர் முன்னால் இரண்டும் ஒரே கம்பத்தில் சந்தித்து, அங்கிருந்து கடைசி வரைக்கும் ஒரே பட்டையால் அழகாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. சார் நடுரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார். கீழே ஒரு டிப்பர் லாரி கம்பத்தை உரசிக்கொண்டு திரும்பியது. அவருக்கு மூச்சே நின்றிருக்கும்.

பிரித்து வேறு கம்பம் வழியாகக் கட்ட மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் ஏழுமலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வேலை பார்த்தார்.

"நீட்டா செய்யி, நீட்டா செய்யின்னு சொல்லுவாரு. நீட்டா செய்தா பிரிச்சிப் போடுன்றாரு. யக்கா, இந்த மன்சனுக்கு இன்னாதான் வேணுமாம்?"

இரண்டு மைக்கும் திறந்தபோது

இரண்டு மெஷினும் ஒரே முகவரியில் இருந்து பேசுவது போல அமைக்க வேண்டுமாம். கள்ளிக்குப்பம் பேசும்போது பூந்தமல்லி குரல் வெளியே வரக் கூடாது. பாரிவாக்கத்தைத் தொடாமல், முதலில் எங்கள் கள்ளிக்குப்பத்தில் இரண்டு தெருவில் மட்டும் போட்டுப் பார்த்தார் சார். எங்கேயோ ஓர் எண் மாறிப்போய் இரண்டு மைக்கும் சேர்ந்து திறந்துகொண்டன. ஒரே பெட்டிக்கு இரண்டு இடத்திலிருந்தும் படம் வந்தால் என்ன ஆகும்? டி.வி.யில் எல்லார் முகமும் கட்டம் கட்டமாகச் சிதறியது. வாயசைவு ஒன்று, பேச்சு ஒன்று.

முதலில் ஃபோன் செய்தவர் ஆட்டோ ஓட்டுகிற ஒரு தம்பி. கோபமே இல்லை, ரசித்துப் பேசினார்.

"மேடம், நியூஸ் வாசிக்கிற பொண்ணு மூஞ்சி மார்கழி மாசத்து வாசல் மாதிரி கீது. எங்கம்மா புள்ளி எண்ணிகினு கீறாங்க."

ஒரே பந்தில் இரண்டு தடவை

அதையும் சரி செய்தார். அடுத்தது, ஒன்றை நிறுத்தினால் இன்னொன்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். தணிகாசலம் விடவில்லை. ஓடுகிற மெஷினின் ஒயரை வேண்டுமென்றே பிடுங்குவதா என்று பதறினார். பிடுங்கிப் பார்க்காத பேக்அப் இருந்தும் இல்லாத மாதிரிதான் என்று சார் சொல்லி, முதலாளி வெளியே டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, அந்த இரண்டு தெருவுக்குப் போகிற ஒயரை மட்டும் பிடுங்கினார். படம் நிற்கவில்லை! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆனால் பூந்தமல்லிப் படம் கள்ளிக்குப்பத்துப் படத்தைவிட நாலு விநாடி பின்னால் வருகிறது. ஆகவே மாறுகிற இடத்தில் நாலு விநாடி திரும்ப ஓடும். அது ஒரு குறையா என்று நானும் நினைத்தேன்.

அந்த நேரத்தில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நம் பக்கத்து ஆட்டக்காரர் ஸ்டம்பு பறந்து அவுட் ஆன அதே நொடியில் சார் ஒயரைப் பிடுங்கியிருக்கிறார். தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர் ஃபோன் செய்தார். படம் நிற்கவில்லையே ஐயா, என்ன குறை என்று கேட்டேன்.

"அவன் ஒரு தபா அவுட் ஆனதே எனக்கு நெஞ்ச அடைக்குது. அதே பால்ல ரெண்டாவது தபாவும் அவுட் ஆக்குறீங்களே, உங்களுக்கு மன்சாட்சி கீதாம்மா?"

இரண்டு மணி

எல்லாம் சரியாகி, பாரிவாக்கத்துக்கும் மாற்றியாயிற்று. என் மேஜைமேல் இரண்டு டி.வி. வைத்தார் சார். இடது பக்கம், ஊருக்குப் போகிற படம். வலது பக்கம், எப்போதும் பூந்தமல்லிப் படம் மட்டும். காலை எட்டு மணிக்கு ஒரு பக்தி சேனலில் தீபாராதனை காட்டுவார்கள். நான் இரண்டு டி.வி.யிலும் அதையே வைத்துக் கும்பிடுவேன். இடது டி.வி.யில் கோயில் மணி அடிக்கும். நாலு விநாடி கழித்து வலது டி.வி.யில் அடிக்கும். எனக்கு இரண்டு தீபாராதனை பார்த்த புண்ணியம்.

ஒரு காலையில் இரண்டு மணியும் சேர்ந்து அடித்தன. கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தவள் திறந்துவிட்டேன். இடது பக்கமும் நாலு விநாடி பின்னால் போயிருந்தால்தானே சேர்ந்து அடிக்கும்? அப்படியென்றால் ஊருக்கே பூந்தமல்லிப் படம்தான் போகிறது. கள்ளிக்குப்பம் மெஷின் செத்துக் கிடக்கிறது. ஜெயசீலன் சாரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். முதல் நாள் மத்தியானத்திலிருந்தே அது நின்றிருக்கிறது. மாற்று அவ்வளவு அழகாக வேலை செய்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. பூந்தமல்லியில் ஒரு ஃப்யூஸ் போயிருந்தால் நாங்கள் முடிந்தோம். இதை முதலாளிக்குப் புரியவைக்கச் சாரும் நானும் அரை மணி நேரம் போராடினோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது:

"ஒருத்தரும் ஃபோன் பண்லியேம்மா. அப்பறம் எதை வெச்சி ரிப்பேர்ன்றீங்க?"

ஆயுத பூஜை

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம். இதுவரை தப்பித்துவிட்டோம். ஆயுத பூஜை வந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அன்றைக்கு உழைக்கிற கருவிக்கு ஓய்வு. மெஷினை நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பிறகுதான் ஓட்டுவது. பழைய நாளில் படம் நின்றுவிடுமே என்று தணிகாசலம் ஓடுகிற மெஷினுக்கே அவசரமாகப் பொட்டு வைப்பார். அது அவருக்கு வருஷா வருஷம் ஒரு மனக்குறை. இந்த வருஷம் இரண்டு மெஷின் இருக்கிறதே! லீவுக்கு நாகர்கோவில் போய்விட்ட சாரிடம் ஃபோனில் கேட்டார்: "பூஜைக்குப் பத்து நிமிஷம் நம்ம மெஷினை ஆஃப் பண்லாமா?" சார் சொன்னார்: "தாராளமா பண்ணுங்க, இன்னொண்ணு பாத்துக்கும்."

பத்தே முக்காலுக்கு நல்ல நேரம் பிறந்தது. நான் சுண்டல், பொரி, கடலை எல்லாம் எடுத்து வைத்தேன். என் ஃபோனுக்கும் ஒரு பொட்டு. முதலாளி இரண்டு கையாலும் கும்பிட்டு மெஷினை நிறுத்தினார். இடது டி.வி. நாலு விநாடி திரும்ப ஓடி, நிற்காமல் தொடர்ந்தது. எனக்கு அவ்வளவு பெருமை. கற்பூரம் ஏற்றினார். அப்போது இரண்டு டி.வி.யும் கறுத்தன.

பூந்தமல்லி மெஷினைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்த ஏழுமலைக்கும் கை இருக்கிறது, சந்தனம் இருக்கிறது, சுவரில் அதே தினக்காலண்டர் இருக்கிறது. அவரும் முதல் நாள் சாரிடம் தனியாகக் கேட்டிருக்கிறார். அவருக்கும் சார் அதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். ஏழுமலையைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். மணி போகிறது, எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? ஃபோனும் அவருக்கு ஒரு ஆயுதம்தானே, சாமி முன்னால் வைத்திருக்கிறார்! "அண்ணா, மெஷினைப் போடுங்க" என்று முதலாளியிடம் கத்தினேன். கையில் எரிகிற கற்பூரத்தட்டோடு, "ஆரத்தி நடுவுல மெஷினை எழுப்பக் கூடாதும்மா" என்கிறார் முதலாளி. என் ஆயுசில் நான் பூஜைக்குக் குறுக்கே போனதில்லை. "தாயே, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, கற்பூரத் தட்டுக்கு அடியில் கையை விட்டு சுவிட்சைப் போட்டேன். அது கண் விழித்துப் பேச ஏழெட்டு நிமிஷம் ஆகும். நானூறு வீடு. விடுமுறை நாள். ஃபோனைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஒரே ஒரு ஃபோன் வந்தது. நடராஜன் சார். "அம்மா, எங்காத்துல டி.வி. வரலை. தப்பு எங்க பேர்லதான்னு நினைக்கிறேன். என் சம்சாரம் செட்டாப் பாக்ஸுக்குச் சந்தனம் அப்பி, பூவும் சுத்திட்டா. சொல்லச் சொல்லக் கேக்கலை. அதுல கெட்டுப்போயிருக்குமோ?" பின்னால் அந்த அம்மாள் ஏதோ தயங்கித் தயங்கிச் சொல்வது கேட்டது. எதிரே முதலாளி கற்பூரத் தட்டை ஆட்டி ஆட்டி, "ஆமாம்னு சொல்லு, ஆமாம்னு சொல்லு" என்று ஜாடை காட்டுகிறார். துடைத்துவிட்டுப் பாருங்கள் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் துடைத்து முடிப்பதற்குள் படம் வந்துவிடும். தீபாவளிக் கெடுவும் தப்பிக்கும்.

எனக்கு மனசு வரவில்லை. நல்ல நாளில் பூ வைத்த கைக்கு நான் திட்டு வாங்கிக் கொடுப்பதா? "சார், உங்க வீட்டம்மா மேல தப்பே இல்ல. அவங்க பண்ணினதைத்தான் நாங்களும் பண்ணினோம். ரெண்டு மெஷினையும் நிறுத்திப் பூஜை போட்டுட்டோம்" என்றேன். "ரெண்டையுமா? ஒரே நேரத்துலயா?" என்றார். "நல்ல நேரம் ஒண்ணுதானே சார்" என்றேன். அவர் ஃபோனை வைத்துவிட்டார். முதலாளி கையில் கற்பூரம் அணைந்துபோயிருந்தது. அந்த நேரம் பார்த்து ஏழுமலை கூப்பிட்டு, "இன்னா யக்கா, பத்து மிஸ்டு கால்? சுண்டலுக்கா?" என்றார். முதலாளி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"கடை நல்லா ஓடணும்னு பூஜை போட்டோம். கடையையே முடிச்சிட்டீங்களேம்மா."

இரண்டாவது கடிதம்

மறுநாள் காலையில் நடராஜன் சார் வந்தார். கையில் இன்னொரு கவர். லீவைப் பாதியில் விட்டு, ராத்திரி பஸ்ஸில் வந்த ஜெயசீலன் சார் முகம் கழுவக்கூட இல்லை. ஏழுமலை கதவு ஓரமாக நின்றார். காபி வேண்டாம் என்றார் நடராஜன் சார். "எத்தனை நிமிஷம்?" என்று என்னைத்தான் கேட்டார். "பதினோரு நிமிஷம் சார்." தலையாட்டினார். குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரையும் கேட்டுப் பார்த்தாராம். ஒருவரும் கவனிக்கவில்லை. அந்தப் பதினோரு நிமிஷமும் முக்கால்வாசி வீட்டில் டி.வி.யை நிறுத்தி அதற்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மிச்சப் பேர் டி.வி. முன்னால் இல்லை.

"ஆனாலும் நின்னது நின்னதுதான்" என்றார். கவரைப் பிரித்து அவரே படித்தார். கெடு தீபாவளியிலிருந்து பொங்கலுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. இனிமேல் ஆயுத பூஜை அன்று கள்ளிக்குப்பம் மெஷினுக்குக் காலை நல்ல நேரத்திலும், பூந்தமல்லி மெஷினுக்கு மாலை நல்ல நேரத்திலும் பூஜை போட வேண்டும். அந்தத் தேதியின் காலண்டர் தாளை ஒரு வாரம் முன்னதாகச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். முதலாளி கையெழுத்துப் போட்டார். நடராஜன் சார் காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.

"மூணு தடவை கரண்ட் கட்டுன்னு எழுதி வெச்சிருக்கேன். நாலாவதுக்குத்தான் எழுதற மாதிரி ஒரு காரணம் கிடைச்சுது. ஃபோன் எடுக்கிற அம்மாவும் கையெழுத்துப் போடட்டும்."

அவர் போன பிறகும் ஜெயசீலன் சார் எழுந்திருக்கவில்லை. வெள்ளைப் பலகையில் தான் வரைந்த சிவப்புக் கோட்டையும் நீலக் கோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நேற்றைய சுண்டலைச் சூடு பண்ணி முன்னால் வைத்தேன்.

"ரூமைப் பிரிச்சேன், கரண்டைப் பிரிச்சேன், ஃபைபரைப் பிரிச்சேன், கம்பத்தைக்கூடப் பிரிச்சேன். நல்ல நேரத்தைப் பிரிக்கணும்னு எந்தப் புத்தகத்துலயும் போடலையேம்மா."

இப்போது அந்தப் பலகையில் இரண்டு கோட்டுக்கும் நடுவே சார் ஒரு தினக்காலண்டரையும் வரைந்து வைத்திருக்கிறார். அந்தப் படம் முழுக்கவும் ஒருவரும் சொல்லித் தராமலே எனக்குப் புரிகிற இடம் அது ஒன்றுதான்.